அம்மன் பேரில் வந்த வாசக்கால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். கோயம்புத்தூரை அடுத்த பீளமேட்டில் ஒரு பஞ்சாலையில், ரீலிங் பிரிவில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டுகிற இடம் அது. அங்கே முழுக்கப் பெண்கள்தான். எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும். வாயாடி என்று பேர் வாங்கியவள். மேஸ்திரிகூட என்னிடம் வேலை சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொள்வார். அந்த வாயை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு காரியத்தை இத்தனை வருஷமாக நான் பெற்ற பெண்களிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது எழுதும்போதும் கை கூசத்தான் செய்கிறது.

எனக்கு அடுத்த ரீலில் ஓர் அக்கா வேலை செய்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். புருஷன் வண்டி ஓட்டுகிறவர், இரண்டு பெண் குழந்தைகள். நான் என்ன பேசினாலும் சிரித்துக்கொண்டே கேட்பார். என் சோற்றுப் போசியில் குழம்பு குறைவாக இருந்தால் கேட்காமலே ஊற்றுவார். சொந்தம் எதுவும் இல்லை. ஆனால் எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லாத குறையை அவர்தான் தீர்த்தார்.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நொய்யலில் வெள்ளம் வந்துவிட்டது. ஆற்றை ஒட்டியிருந்த அக்கா வீட்டில் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. மண் சுவர் ஊறிப்போய், நாலாம் நாள் காலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆட்கள் தப்பித்ததே பெரிது. நாலு பேரும் ஊர்ச் சாவடியில் போய் ஒதுங்கினார்கள். அக்கா அப்போது ஏழு மாசம்.

சாவடி ஊருக்குப் பொது. மழைக்கு ஒதுங்கலாம், பிள்ளை பெற முடியாது. தீட்டாகிவிடும் என்று ஊர்க்காரர்கள் நோகாமல் சொல்லிவிட்டார்கள். பிறந்த வீடு என்று அக்காவுக்கு யாரும் மிஞ்சவில்லை. பிரசவம் மார்கழியில் ஆகும் என்று கணக்கு. மார்கழியிலோ எங்கள் பக்கம் யாரும் வாசக்கால், அதாவது தலைவாசல் நிலை, நிறுத்தமாட்டார்கள். ஆக, கார்த்திகை முடிவதற்குள் சுவர் எழும்பி, வாசக்கால் நின்று, மேலே ஓடு ஏறியாக வேண்டும். மண்ணுக்கும் ஆளுக்கும் குறைவில்லை, ஊரே கை கொடுத்தது. மரத்துக்கும் ஓட்டுக்கும்தான் காசு வேண்டும்.

“நான் வசூல் பண்ணித் தாரேனுங்க அக்கா. நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். எனக்கென்ன, வாய்தான் இருக்கிறதே!

ரீலிங் பெண்கள் ஆளுக்கு ஒரணா, இரண்டணா கொடுத்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. மில் ஆபீசில் கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சரி, வெளியே கேட்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவினாசி ரோட்டை ஒட்டிய ஒரு பெரிய தோட்டத்து வீட்டுக்குப் போனேன். “ஏனுங்க, ஆத்து வெள்ளத்துல ஊடு போனவியளுக்கு...” என்று ஆரம்பித்ததுதான் தாமதம், அந்த வீட்டு அம்மா உள்ளே போய் ஒரு கை ராகியை அள்ளிக்கொண்டு வந்து என் முந்தானையில் போட்டு, “அக்கட்டால போ” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

என்னைப் பிச்சைக்காரி என்று நினைத்துவிட்டார்! உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ராகியை வேலியோரம் உதறிவிட்டு, வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். மனுஷருக்காகக் கேட்டால் இந்த ஊரில் மரியாதை கிடையாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். இத்தனைக்கும் நான் போய் நின்றது ஒரே ஒரு வாசல்.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. எங்கள் பக்கம் மாரியம்மனுக்கு மடிப்பிச்சை எடுக்கிற வழக்கம் உண்டு. உடம்புக்கு முடியாமல் போனாலோ, பிள்ளைக்கு அம்மை கண்டாலோ வேண்டிக்கொண்டு, மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலை செருகி, வீடு வீடாகப் போய் மடியேந்தி நிற்பார்கள். கிடைத்த அரிசியும் காசும் கோயிலுக்குப் போகும். பண்ணையக்காரர் வீட்டுப் பெண்ணும் எடுப்பாள், கூலிக்காரியும் எடுப்பாள். அதில் கேவலம் எதுவும் இல்லை. கொடுக்கிறவர்களும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். வந்து நிற்பது ஆத்தாளே என்பது போலத்தான் பார்ப்பார்கள்.

தீராத தலைவலிக்கு வேண்டிக்கொண்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதை நம்பி, தன் பழைய சேலையை மஞ்சளில் முக்கி உலர்த்திக் கொடுத்தார். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சோமனூர்ப் பக்கம், பல்லடம் போகிற வழி என்று தூரத்து ஊர்களாகப் போனேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை. அக்காவிடம், மில்லில் எல்லோரும் சேர்ந்து போட்ட காசு என்று சொல்லிவிட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, மடி நிறைந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். சில வீடுகளில் என் காலில் சொம்புத் தண்ணீரை ஊற்றி, மஞ்சள் தடவிக் கும்பிட்டார்கள். தாடி நரைத்த ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் குனிந்து நின்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. கதவைச் சாத்தினாயே, இப்போது பார் என்று அந்தத் தோட்டத்து அம்மாவை நினைத்துக்கொண்டே நடந்தேன். கிடைத்த அரிசியையும் கம்பையும் பொழுதோடு மளிகைக் கடையில் விற்றுக் காசாக்கினேன். அம்மன் பேரில் வந்த அரிசியை விற்கிறோமே என்று ஒரு தடவையாவது உறுத்தியதா என்றால், இல்லை. நல்ல காரியத்துக்குத்தானே என்று ஒரு சமாதானம் கையோடு இருந்தது.

மூன்றாவது ஞாயிறு, சோமனூர்ப் பக்கம் ஒரு நெசவாளர் தெரு. ஒரு வீட்டு நிலையில் வேப்பங்கொத்து கட்டியிருந்தது. அம்மை கண்ட வீடு. அந்த மாதிரி வீடுகளில் யாரும் போய்க் கேட்கக்கூடாது. நான் தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

“ஏனுங்க அம்மணி! கொஞ்சம் நில்லுங்க!”

திரும்பினால், என் வயதை ஒத்த ஒருத்தி நிலைப்படிக்கு உள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது. எத்தனை நாள் தூங்கவில்லையோ. கையில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று.

“என்ர புள்ளைக்கு அம்மை கண்டிருக்குதுங்க. மூணு வயசு. ஆத்தாளுக்குன்னு ஒரு ரூவாய் முடிஞ்சு வெச்சிருக்கறனுங்க. புள்ளைய வுட்டுப்போட்டு கோயிலுக்குப் போக முடியலீங்க. நீங்க போறப்ப இதையும் சேத்துப்போடறீங்களா? வாரப்ப ஒரு சிட்டிகை திருநீறு மட்டும் கொண்டாந்து குடுத்தாப் போதுமுங்க.”

அவள் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டாள்.

“அம்மை கண்ட ஊட்டுல இருந்து எதும் வெளிய குடுக்கக்கூடாதும்பாங்க. இது ஆத்தாளுக்கே போறதுதானுங்களே. குத்தமில்லீங்களே?”

மஞ்சள் சேலை கட்டியிருக்கிறேன் அல்லவா, எனக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்டாள். நானும் தெரிந்தவள் மாதிரியே, “ஒரு குத்தமும் இல்லீங்க, குடுங்க” என்று சொல்லி மடியை நீட்டினேன். எந்த ஊர், எங்கே வேலை என்று கேட்டாள். பீளமேட்டு மில், ரீலிங் என்றேன். வெள்ளிக்கிழமை திருநீறு கொண்டுவருகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

அந்த ரூபாயை மட்டும் கோயிலில் சேர்த்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் மறுநாள் அக்கா சாவடியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வாசக்காலைச் செய்து முடித்த ஆசாரி, பாக்கி ஒரு ரூபாய் வராமல் மரத்தைத் தூக்க விடமாட்டேன் என்கிறார். கார்த்திகையில் இன்னும் இரண்டே நல்ல நாள்தான் மீதி. வசூலான மற்றக் காசெல்லாம் மரத்துக்கும் ஓட்டுக்கும் முன்பே போய்விட்டது. நான் வீட்டுக்கு ஓடிப்போய், அந்த மஞ்சள் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

அடுத்த முகூர்த்தத்தில் வாசக்கால் நின்றது. மார்கழி பிறப்பதற்குள் ஓடு ஏறிவிட்டது. மார்கழிக் கடைசியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, தன் வீட்டில், தன் கூரைக்குக் கீழே. ரீலிங் முழுக்க என் பேச்சுத்தான். வாயாடியாக இருந்தாலும் காரியக்காரி என்றார்கள். திருநீற்றையும் வெள்ளிக்கிழமையையும் நான் சுத்தமாக மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதுகூடப் பொய். நினைவு வரும்போதெல்லாம் வேறு எதையாவது பேச ஆரம்பித்துவிடுவேன்.

மாசி மாதம். அக்கா வேலைக்குத் திரும்பியிருந்தார். ஒருநாள் சாயங்காலம் மில் சங்கு ஊதி எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தோம். கேட்டுக்கு வெளியே ஒருத்தி, போகிற பெண்களை எல்லாம் நிறுத்தி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. முகம் முழுக்க அம்மைத் தழும்பு. ஒரு கண் வெளுத்துப் போயிருந்தது.

கூட்டத்தோடு தலையைக் குனிந்துகொண்டு நழுவப் பார்த்தேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

“அம்மணி! நீங்கதானுங்களே!” என்று ஓடிவந்தாள். பருத்தி ஏற்றிவந்த வண்டியில் இடம் கேட்டு ஏறி வந்திருக்கிறாள். வேறு இரண்டு மில் கேட்டில் நின்று பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறாள். சண்டை பிடிக்கத்தான் வந்தாள் என்று நினைத்தேன். அப்படிச் சண்டை பிடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“கோவிச்சுக்காதீங்க அம்மணி. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க. என்ர காச ஆத்தா ஏத்துக்கலீங்களா?”

எனக்குப் புரியவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

“திருநீறு வரும் வரும்னு பாத்துட்டே இருந்தனுங்க. வரல. புள்ளைக்கு ஒரு கண்ணு போயிருச்சுங்க. எங்க மாமியா சொல்றாங்க, அம்மை கண்ட ஊட்டுல இருந்து காசு எடுத்துக் குடுத்துப்போட்டே, அதான் ஆத்தா வேண்டாம்னு தள்ளிப்போட்டா, உன்னாலதான் புள்ளைக்குக் கண்ணு போச்சுன்னு. மூணு மாசமா என்ர கையில ஒரு வாய் தண்ணி வாங்கறதில்லீங்க. சோறும் அவங்களே ஆக்கிக்கறாங்க. நெசந்தானுங்களா அம்மணி? ஆத்தா வேண்டாம்னுட்டாளா?”

சுற்றிலும் ரீலிங் பெண்கள் நிற்கிறார்கள். அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. “இல்லீங்க, காச அன்னைக்கே உண்டியல்ல சேத்துட்டனுங்க. திருநீறுதான் மறந்துபோச்சுங்க” என்றேன்.

அவள் முகம் இன்னும் சுருங்கிப் போயிற்று. “அப்ப, சேத்தும் கண்ணு போச்சுங்களா” என்றாள் மெதுவாக. “அப்ப என்ர மேலதான் குத்தம்.”

பக்கத்தில் நின்ற அக்கா என் கையைப் பிடித்தார்.

“ஏம்புள்ள, எந்தக் காசு? நீ எப்ப மடிப்பிச்சை எடுத்தே?”

நான் தரையைப் பார்த்தேன். கணக்குப் போட அக்காவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. பிடித்த கையை விடாமல், “சொல்லு புள்ள. அவங்ககிட்ட நீயே சொல்லு” என்றார்.

சொன்னேன். தலைவலி பொய், வேண்டுதல் பொய், அரிசியை விற்றது, முடிச்சை அவிழ்த்தது எல்லாம். “உங்க ரூவாய் கோயிலுக்குப் போகலீங்க. இவங்க ஊட்டு வாசக்கால் வாங்கறதுக்குப் போயிருச்சுங்க” என்று முடித்தேன். ரீலிங் பெண்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அறை விழும் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

“கோயிலுக்கே போகலீங்களா?” என்று கேட்டாள்.

“இல்லீங்க.”

“ஆத்தாகிட்ட அந்தக் காசு போகவே இல்லீங்களா? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க.”

“சத்தியமா இல்லீங்க.”

அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிகிறது, சிரிக்கிறாள். குழந்தையை இறுக்கிக்கொண்டு, “ஆத்தா வேண்டாம்னு சொல்லலியாமா தங்கம். அம்மா மேல குத்தமில்லியாமா” என்று அதன் தலையில் முத்தம் கொடுத்தாள். அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும், அதுவும் சேர்ந்து சிரித்தது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. காசைத் திருப்பித் தா என்றும் கேட்கவில்லை. “ஒரு நடை எங்க ஊட்டுக்கு வந்து, இதைய எங்க மாமியாகிட்டச் சொல்லிப்போட்டுப் போறீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். போனேன் என்று பெருமையாகச் சொல்ல முடியாது, அக்கா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் நின்றார், அதனால் போனேன். சோமனூரில் அந்த மாமியார் தெருவில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கம் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். நான் அப்போதும் புத்தி வராமல், ஆற்றில் வெள்ளம் வந்ததிலிருந்து, அக்கா ஏழு மாசமாக இருந்ததிலிருந்து கதையை ஆரம்பித்தேன். அந்த அம்மா கையை நீட்டி நிறுத்தினார்.

“அதெல்லாம் கெடக்கட்டும். எங்க ஊட்டு ரூவாய ஆத்தாகிட்டச் சேத்தியா, இல்லியா?”

“இல்லீங்க. நான் திருடிட்டனுங்க” என்றேன். அந்தச் சொல்லை என் வாயால் அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். தெருவே என்னைப் பார்த்தது. மூன்று மாசத்துக்கு முன்னால் இதே தெருவில் என் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்ட பெண்கள் அதில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த அம்மா வீட்டுக்குள்ளே பார்த்து, “ஏ அம்மணி, ஒரு சொம்பு தண்ணி கொண்டா, நாக்கு வறண்டு போச்சு” என்றார். மருமகள் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். மாமியார் அதை வாங்கி அண்ணாந்து முழுசாகக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார். மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

திரும்பி வருகிற வழியில் அக்கா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். எனக்குத் தாங்கவில்லை. “உங்களுக்காகத்தானுங்க அக்கா பண்ணினேன்” என்றேன்.

“எனக்காகன்னு சொல்லாத புள்ள” என்றார் அக்கா. கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “ஊடு போனவளுக்குக் குடுங்கன்னு கேக்க உனக்குக் கூச்சம். உன்னையப் பிச்சைக்காரின்னு நெனச்சுருவாங்கன்னு பயம். அதுக்கு ஆத்தாளைப் புடிச்சு முன்னால நிறுத்திக்கிட்டே. நேரா வந்து கேட்டிருந்தா அந்தப் புள்ள குடுத்திருக்கமாட்டாளா?”

அந்த வாரச் சம்பளத்தில் அக்கா ஒரு ரூபாயை எடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு போய், சோமனூர்க் குழந்தையின் பேரைச் சொல்லி உண்டியலில் போட்டார். என் காசைப் போட விடவில்லை. அதற்கப்புறமும் என்னோடு பேசினார், சிரித்தார், என் போசியில் குழம்பு ஊற்றினார். ஆனால் நான் கொண்டுபோய்க் கொடுக்கிற எதையும், இது எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை கேட்காமல் வாங்கியதில்லை. கடைசி வரைக்கும் அப்படித்தான். அக்கா கேட்டதில் தப்பே இல்லை.

என் மருமகன் ஒருநாள், வேறு யாரையோ பற்றிப் பேசும்போது, அம்மை நோயைப் பற்றி விளக்கிச் சொன்னார்; அதைக் கேட்டால், திருநீறு வந்திருந்தாலும் அந்தக் கண் போயிருக்கும் என்று தோன்றியது. இருக்கலாம். எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. கண்ணைப் பறித்தது நான் இல்லைதான். ஆனால் பெற்ற பிள்ளையின் கண்ணைத் தானே பறித்துவிட்டோம் என்று ஒரு தாயை மூன்று மாசம் நினைக்க வைத்தது நான்தான். இத்தனை வயதுக்கு எத்தனையோ பேரிடம் ஏச்சும் பேச்சும் வாங்கியிருக்கிறேன், எல்லாம் மறந்துவிட்டது. நான் அவளை ஏமாற்றினேன் என்று தெரிந்ததும் அந்தப் பெண் என் முன்னால் நின்று சந்தோஷத்தில் சிரித்தாளே, அதற்கு மட்டும் இன்றைக்கும் என்னால் முகம் கொடுக்க முடியவில்லை.